"ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்திவிட்டால் உரிமை போய்விடுமா? நியாயமற்ற வணிக நடைமுறைகளைச் சட்டம் எடைபோடும் விதம்

வாங்கிய பொருள் பழுதாகிறது, அல்லது கேட்காத கட்டணம் ஒன்று கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. நிறுவனத்தைத் தொடர்புகொண்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுதானே வாங்கினீர்கள்?" பல பக்க விதிமுறைகளுக்கு அடியில் இருந்த "ஒப்புக்கொள்கிறேன்" பொத்தானை அழுத்தியது வாடிக்கையாளர்தான் என்பது உண்மை என்பதால் அவரால் மேற்கொண்டு பேச முடிவதில்லை. சட்டமும் இப்படித்தான் பார்க்கும் என்று நினைத்து, கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

நுகர்வோர் சட்டம் தனியாக உருவானதே இந்தப் பதில் போதாது என்பதால்தான். ஒருவர் கையெழுத்திட்டாரா, பொத்தானை அழுத்தினாரா என்பதோடு அது நின்றுவிடுவதில்லை. எதை ஏற்கிறோம் என்று அறிந்துகொள்ள அவருக்கு உண்மையான வாய்ப்பு இருந்ததா, வேண்டாம் என்று சொல்ல வழி இருந்ததா, ஏற்ற நிபந்தனையே நியாயமானதா என்று மேலும் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன, எப்படிப் பயன்படுகின்றன, எந்த இடத்தில் பலனளிக்காமல் போகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

வாங்குபவருக்கு எதற்குத் தனிச் சட்டம்?

வாங்குபவரே விழிப்பாக இருந்துகொள்ள வேண்டும் என்பது பழைய ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் நிலை. மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தும், துணியை விரலால் தேய்த்துப் பார்த்தும் வாங்கிய காலத்தில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. விற்பவர் அறிந்ததில் பெரும்பகுதியை வாங்குபவரும் தன் கண்ணாலும் கையாலும் அறிந்துகொள்ள முடிந்தது. அடைத்து வரும் மருந்தையோ, பிரித்துப் பார்க்க முடியாத மின்கருவியையோ, பல ஆண்டுகள் கழித்தே பலன் தெரியவரும் காப்பீட்டையோ அப்படிச் சோதித்துவிட முடியாது.

இந்தத் தகவல் இடைவெளி தனி மனிதரை மட்டும் பாதிப்பதில்லை. பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பழைய கார்ச் சந்தையை எடுத்துக்கொண்டு இதை விளக்கியது. எந்தக் கார் நல்லது, எது பழுதானது என்பது விற்பவருக்கு மட்டுமே தெரியும் என்றால், வாங்குபவர் எல்லாக் காருக்கும் நடுத்தரமான விலையைத்தான் தர முன்வருவார். அந்த விலைக்குத் தன் நல்ல காரை விற்க யாருக்கும் மனம் வராது. மோசமான கார்களே சந்தையில் மிஞ்சும். தகவல் சமமின்மை பற்றிய இந்த ஆய்வுக்காக அவருக்கு 2001-இல் வேறு இருவருடன் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டது. நுகர்வோர் சட்டம் வணிகத்துக்கு எதிரானது என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை என்பது என் கருத்து. ஏமாற்றுபவரின் விலையோடு போட்டியிட முடியாமல் முதலில் சந்தையை விட்டு வெளியேறுபவர் நேர்மையான வணிகர்தான்.

வாங்குபவருக்கான இந்தப் பாதுகாப்பை "உரிமை" என்ற சொல்லால் குறிக்கும் வழக்கம் பரவலானது 1962 மார்ச் 15-க்குப் பிறகு. அன்று அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் பாதுகாப்பு, தகவல், தேர்வு, தன் குறை கேட்கப்படுவது ஆகிய நான்கையும் நுகர்வோரின் உரிமைகளாக வரையறுத்தார். உலக நுகர்வோர் உரிமை நாள் அந்தத் தேதியில்தான் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985-இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள் பல நாடுகளின் சட்டங்களுக்கு முன்மாதிரியாயின. இந்தியாவின் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கடுத்த ஆண்டே, 1986-இல் வந்தது.

ஒரு வரையறையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மறுவிற்பனைக்காகவோ வணிகத்துக்காகவோ வாங்குபவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குபவரே நுகர்வோர். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கித் தானே பயன்படுத்துபவரை இந்தியச் சட்டம் இதில் விதிவிலக்காகச் சேர்த்துக்கொள்கிறது. வாங்கியவரின் இசைவோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரும் அந்தச் சட்டப்படி நுகர்வோரே.

புகழ்ச்சி எது, வாக்குறுதி எது?

"உலகிலேயே சிறந்தது" என்று ஒருவர் தன் சரக்கைப் புகழ்வதால் எந்தச் சட்டமும் அவரைத் தண்டிப்பதில்லை. அந்தப் புகழ்ச்சி எந்தக் கட்டத்தில் வாக்குறுதியாக மாறுகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் வழக்கு ஒன்று இங்கிலாந்தில் 1892-இல் தீர்ப்பானது.

கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற நிறுவனம், மூக்கில் குழாயை வைத்து உறிஞ்சும்படியான ரப்பர் உருண்டை ஒன்றை விற்றது. அதை நாளுக்கு மூன்று முறை வீதம் இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் யாருக்காவது இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண்டு தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தது. சொன்ன சொல்லில் உறுதியாக இருப்பதற்கு அடையாளமாக 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருப்பதாகவும் அதிலேயே அறிவித்தது. கார்லில் என்ற பெண்மணி அதை வாங்கி, சொன்னபடியே ஏறக்குறைய இரண்டு மாதம் பயன்படுத்தினார். அப்படியும் அவருக்கு இன்ஃபுளுவென்சா வந்தது. பணத்தைக் கேட்டபோது, அது வெறும் விளம்பரப் பேச்சு, யாரும் அதை நம்பிவிட மாட்டார்கள் என்று நிறுவனம் வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொகை குறிப்பிட்டு, நிபந்தனை குறிப்பிட்டு, வங்கியில் பணம் போட்டிருப்பதையும் சேர்த்துச் சொன்னவர், "நான் விளையாட்டாகச் சொன்னேன்" என்று பின்வாங்க முடியாது.

சோதித்துப் பார்க்கக்கூடிய விவரத்தைச் சொல்லி விற்றால் அந்த விவரத்துக்கு விற்றவரே பொறுப்பு என்று நடைமுறைக்கு ஏற்ப இதைச் சொல்லலாம். "அருமையான பேட்டரி" என்பது புகழ்ச்சி. "ஒருமுறை மின்னேற்றினால் 20 மணி நேரம்" என்பது வாக்குறுதி.

நியாயமற்ற நடைமுறை என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

மோசடிக் குற்றத்தை நிரூபிக்க, ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். நியாயமற்ற நடைமுறைக்குப் பொதுவாக அது தேவையில்லை. வாங்குபவரின் முடிவு எப்படித் திரிந்தது என்பதே அளவுகோல். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் கொண்டுவந்த நெறியாணை இதை மிகத் தெளிவாக வகுத்திருப்பதால் அதன் வரிசையையே இங்கே பின்பற்றுகிறேன்.

1. தவறாக வழிநடத்தும் செயல். அப்பட்டமான பொய் மட்டும் இதில் அடங்குவதில்லை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருந்தும், அவற்றை அடுக்கிய விதத்தால் தவறான எண்ணம் உண்டாகுமானால் அதுவும் இதில் சேரும்.

2. தவறாக வழிநடத்தும் மறைப்பு. முடிவெடுக்கத் தேவையான தகவலைச் சொல்லாமல் விடுவது, புரியாத மொழியில் சொல்வது, பணம் செலுத்தும் கடைசிப் படியில் மட்டும் காட்டுவது எல்லாம் மறைப்பே.

3. நெருக்கடி கொடுத்து விற்பது. தொல்லை, மிரட்டல், பலவீனமான நிலையில் இருப்பவரிடம் செல்வாக்கைப் பயன்படுத்துவது ஆகியவை இதில் அடங்கும். ஒப்பந்தத்திலிருந்து விலக நினைப்பவருக்கு அளவுக்கு மீறிய தடைகளைப் போடுவதையும் இந்த வகையில் கவனிக்க வேண்டிய ஒன்றாக அந்த நெறியாணை 2005-இலேயே குறிப்பிட்டுவிட்டது.

இந்த மூன்றையும் ஓரளவு விவரம் தெரிந்த, ஓரளவு கவனமாக இருக்கும் சராசரி நுகர்வோரின் நிலையிலிருந்து பார்க்கிறார்கள். வயது, நோய் போன்ற காரணங்களால் எளிதில் ஏமாறக்கூடியவர்களை விற்பவர் குறிவைத்திருந்தால், அந்தக் குழுவின் சராசரியே அளவாகும். இவை தவிர, எந்தச் சூழலிலும் நியாயமற்றவை என்று சில நடைமுறைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. கடையை மூடப்போவதில்லை என்று தெரிந்தும் மூடப்போவதாகச் சொல்லி விற்பதும், சலுகை இன்னும் சில நிமிடங்களே என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அவற்றுள் இரண்டு. அங்கே சராசரி நுகர்வோர் என்ற விவாதத்துக்கே இடமில்லை.

இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேறு வழியில் செல்கிறது; நியாயமற்ற வணிக நடைமுறைகளை அதன் 2(47) பிரிவு நேரடியாக எண்ணிக் காட்டுகிறது. பொய்யான தரச் சான்றும் போலிச் சரக்கும் அதில் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே. பில் தராமல் இருப்பதும், வாடிக்கையாளர் நம்பித் தந்த சொந்தத் தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியிடுவதும் தம்மளவிலேயே நியாயமற்ற வணிக நடைமுறைகள் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பதும் அந்தப் பட்டியலில் உள்ளது. ஆகவே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருப்பது, பழுதான பொருளைப் பொறுத்தவரை விற்பவரைக் காப்பாற்றாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். பழுது வேறு, மனமாற்றம் வேறு. கடைக்கு நேரில் போய்ப் பார்த்து வாங்கிய நல்ல பொருள் பிறகு பிடிக்காமல் போனால், அதைத் திருப்பித் தரும் பொதுவான உரிமை பெரும்பாலான சட்டங்களில் இல்லை. கடை தானாக அனுமதித்தால்தான் உண்டு. இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கியதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குக் காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. பொருளை நேரில் பார்க்காதவர் அதை முழுதாக ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்பதே அதன் பின்னுள்ள எண்ணம்.

நுண்ணெழுத்து நிபந்தனைகள்

விற்பவர் முன்பே எழுதிவைத்த ஒப்பந்தத்தில் வாடிக்கையாளரால் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. அப்படியே ஏற்க வேண்டும், அல்லது வாங்காமல் போக வேண்டும். பேரம் பேச முடியாத ஒப்பந்தத்தை இருவர் கூடிச் செய்த ஒப்பந்தமாகவே நடத்துவது சரியல்ல என்பதால், 1993-இன் ஐரோப்பிய நெறியாணை இரண்டு விதிகளை வைத்தது. நல்லெண்ணத்துக்கு மாறாக, நுகர்வோருக்குப் பாதகமாகத் தராசைப் பெரிதும் சாய்க்கும் நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது. ஒரு நிபந்தனைக்கு இருவேறு பொருள் கொள்ள முடியுமானால், நுகர்வோருக்குச் சாதகமான பொருளையே எடுக்க வேண்டும். இந்தியாவின் 2019 சட்டமும் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற தனி வகையை ஏற்படுத்தியது: மிகையான முன்வைப்புத் தொகை கேட்பது, சிறு மீறலுக்கு அளவற்ற அபராதம் விதிப்பது, கடனை முன்கூட்டியே அடைக்க விடாதது, தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையை விற்பவர் வைத்துக்கொள்வது போன்றவை அதில் அடங்கும்.

நுண்ணெழுத்தின் வலிமை மிகுதியாகத் தெரியும் இடம் நடுவர் தீர்ப்பு நிபந்தனை. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் தனியார் நடுவரிடமே போக வேண்டும் என்பது அது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல், இத்தகைய நிபந்தனை வழியாக, பாதிக்கப்பட்ட பலர் சேர்ந்து கூட்டு வழக்குத் தொடரும் வழியையும் நிறுவனம் மூடிவிடலாம் என்று தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் எதிர்த்திசையில் சென்றது. நடுவர் தீர்ப்பு நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடாது என்றது. இவ்விரண்டில் இரண்டாவதே சரி. படிக்கவே படாத ஒரு வரியால் ஒருவர் முறையிடும் இடத்தையே இழந்துவிட்டால், மற்ற உரிமைகள் எல்லாம் தாளில் மட்டுமே இருக்கும்.

திரையில் வைக்கப்படும் பொறிகள்

ஒப்புதலை வாங்கும் தந்திரம் இப்போது சொல்லிலிருந்து வடிவமைப்புக்கு நகர்ந்துவிட்டது. இதற்கு ஹாரி பிரிக்னல் என்ற பிரித்தானிய வடிவமைப்பாளர் 2010-இல் டார்க் பேட்டர்ன் என்று பெயரிட்டார். இறங்குமுகமாக ஓடும் கடிகாரம் ஒன்று "இந்த விலை இன்னும் பத்து நிமிடம் மட்டுமே" என்று காட்டும். பக்கத்தை மூடித் திறந்தால் அதே பத்து நிமிடம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். "சேர்கிறேன்" என்ற பொத்தான் பளிச்சென்ற வண்ணத்தில் இருக்கும். "வேண்டாம்" என்பது பின்புலத்தோடு கலந்த சாம்பல் நிறத்தில், சிறிய எழுத்தில் ஓரத்தில் கிடக்கும். கடிகாரம் சொல்வதாவது பொய்; பொத்தான்களிலோ ஒரு வரியும் பொய் இல்லாமலேயே ஒருவரை இழுத்துக்கொண்டு போய்விட முடிகிறது.

இதன் முழு உருவத்தையும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் அமேசான் மீது தொடுத்த வழக்கு. பிரைம் சந்தாவில் ஓரிரு அழுத்தல்களில் சேர்ந்துவிடலாம். விலக வேண்டுமானால் நான்கு பக்கங்களையும் ஆறு அழுத்தல்களையும் பதினைந்து தேர்வுகளையும் கடக்க வேண்டும் என்றது ஆணையம். அந்த விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே, நீண்டு செல்லும் ஒரு கிரேக்கப் போர்க் காவியத்தின் பெயரை வைத்திருந்தார்கள் என்றும் மனுவில் கூறியது. குற்றச்சாட்டை ஏற்காமலேயே 2025 செப்டம்பரில் நிறுவனம் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளருக்குத் திரும்பும் தொகை, மீதி அபராதம். "வேண்டாம், எனக்கு இலவச டெலிவரி தேவையில்லை" என்பது போன்ற பொத்தானை இனி வைக்கக் கூடாது என்பதும் அந்த உடன்பாட்டிலிருந்து வந்த மாற்றம். மறுப்பவரைக் கூசவைத்துச் சம்மதிக்கச் செய்யும் அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தச் சொல்லைப் போட்டால் எத்தனை பேர் பின்வாங்குகிறார்கள் என்று இத்துறையில் அளந்து பார்ப்பது வழக்கம். இத்தகைய வரி கவனக்குறைவால் வந்துவிடுவதில்லை.

சட்டங்கள் இதற்குத் தரும் விடைகள் மிகக் குறிப்பானவை.

1. முன்பே டிக் செய்யப்பட்ட பெட்டி ஒப்புதல் ஆகாது. அப்படிச் சேர்த்த கூடுதல் கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்டு. இந்தியாவின் 2020 மின்வணிக விதிகளும் அத்தகைய பெட்டிகளைத் தடை செய்கின்றன.

2. இணைய ஆர்டரின் கடைசிப் பொத்தான், பணம் செலுத்தும் கடமை உண்டாகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஐரோப்பிய நுகர்வோரை அந்த ஆர்டர் கட்டுப்படுத்தாது. பொத்தானை அழுத்தியதே போதும் என்ற வாதத்துக்குச் சட்டம் தந்த மிக நேரடியான மறுமொழி இதுதான்.

3. தள்ளுபடி என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. முதல் வாரம் விலையை ஏற்றி, மறுவாரம் இறக்கி, அதைச் சலுகை என்று சொல்லும் வழக்கத்தை இது தடுக்கிறது.

4. இந்தியா 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகை டார்க் பேட்டர்ன்களைப் பெயரிட்டுத் தடை செய்தன. பொய் அவசரம், கூடைக்குள் கேட்காத பொருளை நுழைப்பது, சந்தாப் பொறி, கட்டணத்தைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது, விளம்பரத்தை வேறொன்றுபோல வேடமிடச் செய்வது ஆகியவை அவற்றுள் சில.

சட்டம் இருந்தும் ஏன் தொடர்கிறது?

இழப்பு பலருக்கும் சிறிது சிறிதாகப் பரவுவதுதான் காரணம். ஒருவரிடமிருந்து கழிந்த தொகை அவர் செலவிடப்போகும் நேரத்துக்கும் அலைச்சலுக்கும் ஈடாகாது. அதனால் அவர் விட்டுவிடுகிறார். அதே தொகை லட்சக்கணக்கானோரிடம் கழிந்தால் நிறுவனத்துக்கு அது பெருவருவாய். தனித்தனி வழக்குகளால் இதைச் சரிசெய்ய முடியாது. கூட்டு வழக்கும், யாரும் புகார் தராவிட்டாலும் தானாகவே விசாரிக்கும் ஆணையமும் தேவைப்படுவது இதனால்தான். இந்தியாவில் 2020-இல் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது.

அபராதத்தின் அளவு அடுத்த சிக்கல். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அந்த ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பிரித்தானியாவின் 2024-ஆம் ஆண்டுச் சட்டமோ, 2025 ஏப்ரல் முதல், உலகளாவிய வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கும் அதிகாரத்தை அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையத்துக்குத் தந்திருக்கிறது. சிறு வணிகர் ஒருவருக்கு 10 லட்சம் பெருந்தொகை. பெருநிறுவனத்துக்கு அது விளம்பரச் செலவின் ஒரு சிறு வரி. வருவாயோடு சேர்ந்து உயராத அபராதம், பெரிய அளவில் தவறு செய்பவருக்குத்தான் மலிவாக முடிகிறது.

பழுதான பொருளில் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் முடிவை மாற்றிவிடும். பொருள் கைக்கு வந்த நாளிலேயே குறை இருந்தது என்று வாங்கியவரே காட்ட வேண்டுமானால், அதற்கான ஆய்வுச் செலவே பொருளின் விலையைத் தாண்டிவிடக்கூடும். அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் ஓராண்டுக்கும் பிரித்தானியாவில் முதல் ஆறு மாதத்துக்கும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவரே.

புகார் செய்பவர் கையில் இருக்க வேண்டியவை

1. பில், ஆர்டர் உறுதிச் செய்தி, விளம்பரத்தின் நகல். திரையில் கண்டதைத் தேதியோடு படமெடுத்து வைப்பது அவசியம். இணையப் பக்கத்தை நிறுவனம் எந்த நேரத்திலும் மாற்றிவிடலாம்.

2. எழுத்துமூலம் அனுப்பிய முதல் புகார். எது தவறு, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசியிருந்தால் பேசியதன் சாரத்தை அன்றே மின்னஞ்சலாக அனுப்பிவிட வேண்டும்.

3. முறையிடும் இடத்தின் தேர்வு. இந்தியாவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அதில் தீராவிட்டால், மேலே நுகர்வோர் மன்றம் என்று குறிப்பிட்ட, வழக்குகளை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். விற்றவரின் ஊருக்குப் போக வேண்டியதில்லை. புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ தொடரலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த மாற்றம். வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடவும் செய்யலாம்.

4. கால வரம்பு. இந்தியச் சட்டப்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு "பரிசீலனையில் உள்ளது" என்று மாதக்கணக்கில் பதில் அனுப்பிக்கொண்டிருந்தாலும் அதனால் மட்டும் இந்தக் காலம் நின்றுவிடாது. கெடு தாண்டினால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி ஆணையத்தை ஏற்கச் செய்ய வேண்டியது புகார் செய்பவரின் பொறுப்பாகிவிடும்.